பழியும் தீர்ப்பும்



துப்பறியும் நாவல் என்றதுமே நம் இல்லங்களில் பெரியவர்களின் முகம் சுளிக்கும். மதரஸாவில் பாடம் நடத்துபவன் அதைப் பற்றி எழுதலாமா என்று தாங்கள் வினவவும் கூடும். கலைக்கல்லூரியில் பயின்ற நாட்களில், ஆய்க்குடியிலிருந்து தென்காசி செல்லும் பேருந்தில் அத்தகைய நாவல்கள் பலவற்றைப் படித்தவன் நான். தமிழ்வாணனின் சங்கர்லாலும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவும், சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தியும் எனக்கு நன்கு அறிமுகமானவர்கள். குற்றவாளியைக் கண்டுபிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைப்பதோடு இவர்களின் பணி பெரும்பாலும் நிறைவெய்திவிடும்.

அமெரிக்க எழுத்தாளர் மிக்கி ஸ்பிலேன் எழுதி 1947-இல் வெளிவந்த ‘ஐ, தி ஜூரி’ என்னும் நாவல் இதற்கு நேர்மாறானது. ‘நானே நடுவர்’ என்பது அத்தலைப்பின் கருத்து. மைக் ஹாமர் என்பவர் நியூயார்க் நகரத்துத் தனியார் துப்பறிவாளர். போர்க்களத்தில் ஹாமரின் உயிரைக் காக்கப்போய் ஒரு கையை இழந்த நண்பர், சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். கொலையாளியை நீதிமன்றத்திற்கு விடமாட்டேன், நண்பர் மாண்ட விதமாகவே அவனையும் மாய்ப்பேன் என்று சடலத்தின் அருகில் ஹாமர் சூளுரைக்கிறார். இறுதியில் கொலையாளி யார்? அவர் மணமுடிக்க எண்ணியிருந்த மனநல மருத்துவப் பெண்மணி! அவளைத் தம் கையாலேயே சுட்டுக் கொல்கிறார்.

எங்கள் மாணவன் ஒருவனுக்கு இக்கதையைக் கூற நேர்ந்தது. பதினாறு வயதுப் பிள்ளை. நிலத்தகராறு ஒன்றில் தாக்கப்பட்டு அவனுடைய வாப்பா மவுத்தாகிவிட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. பழிவாங்கும் கதைகளையே அவன் தேடித்தேடிப் படிக்கிறான் என்று உம்மா கவலையோடு கூறியிருந்தார். கதை முடிந்ததும், “அவர் செஞ்சது நியாயம்தானே, ஹஜ்ரத்?” என்று கேட்டான்.

நான் அளித்த விடையைத் தங்கள் முன்னும் வைக்கிறேன். கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்குக் கிஸாஸ் கோரும் உரிமையையும், ஈட்டுத்தொகை பெறும் உரிமையையும், மன்னிக்கும் உரிமையையும் மார்க்கம் வழங்கியுள்ளது. ஆயினும் அதில் வரம்பு மீறலாகாது என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 33-ஆவது வசனம் எச்சரிக்கிறது. விசாரித்துத் தீர்ப்பளிப்பது காழியின் பொறுப்பு. அந்தக் காழியும் சினங்கொண்ட நிலையில் தீர்ப்புக் கூறலாகாது என்பது நபிமொழி.

துப்பறிவாளனின் மூலதனம் ஐயம். பழிவாங்குபவனோ ஐயத்தைப் பொறுக்கமாட்டான். ஒரே மனிதன் இரண்டுமாக இருப்பது எங்ஙனம்? ஹாமர் தேடிய கொலையாளி அவருடைய நம்பிக்கைக்குரிய இடத்திலேயே இருந்தாள். அவர் அதை உணருமுன் மேலும் பல உயிர்கள் போயின. பழி தீர்ந்தபின் அமைதியாவது கிட்டியதா? 1950-இல் வெளிவந்த மற்றொரு நாவலில், அப்பெண்ணின் நினைவே ஹாமரை வாட்டி வதைப்பதாக அதே ஆசிரியர் எழுதுகிறார்.

“கோர்ட்டு நியாயம் தராவிட்டால்?” என்றான் பிள்ளை. இக்கேள்விக்கு எளிய விடை என்னிடம் இல்லை. உஹதுப் போரைப் பற்றிக் கூறினேன். ஹிஜ்ரி 3-இல், கி.பி. 625-இல், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களை வஹ்ஷீ ஈட்டி எறிந்து கொன்றார். மக்கா வெற்றிக்குப் பின் அதே வஹ்ஷீ இஸ்லாத்தை ஏற்று முன்னே வந்து நின்றபோது, பெருமானார் பழிவாங்கவில்லை. தம் கண்ணில் படாமல் இருக்க இயலுமா என்று மட்டுமே கேட்டார்கள். கை பழிதீர்க்கவில்லை; நெஞ்சின் துயரமும் மறைக்கப்படவில்லை.

நெடுநேரம் மௌனமாயிருந்த பிள்ளை, “அப்போ நானும் அவங்க முகத்தைப் பார்க்காம இருக்கலாமா?” என்றான். “தாராளமாக இருக்கலாம்” என்றேன்.

பெற்றோர்களே, பிள்ளைகளின் கையிலிருந்து நாவலைப் பறிப்பதால் பயனில்லை. எந்தப் பக்கத்தை மீண்டும் மீண்டும் படிக்கிறார்கள் என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். ஜமாஅத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த உம்மா தனியாகவே பேருந்தேறிச் செல்கிறார். நம்மில் இருவர் உடன் சென்று நீதிமன்ற வாசலில் நின்றால், தீர்ப்பைத் தானே எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்கு வருமா? சிந்திப்போமாக!