கண்டாலா ஏற்றத்தில் ஒரு பாடம்

கர்ஜத்திலிருந்து லோனாவளாவுக்கு ஏறும் இருப்புப் பாதை 1863-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 37 அடிக்கு ஓர் அடி உயரும் அம்மலையில், ரயிலின் பின்னே துணை எஞ்சின்கள் நின்று தள்ளுவதை நாங்கள் நன்கறிவோம். சென்ற மழைக்காலத்தில் அம்மலையைச் சாலை வழியே, எங்கள் புதிய சிறு காரில் ஏறினோம்.

பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பழைய காரில், இடக்கால் ஓயாது கிளச்சை மிதிக்க வேண்டும். புதியதில் அம்மிதியே இல்லை. உள்ளே இரண்டு கிளச்சுகள்: ஒன்று ஒற்றைப்படைக் கியர்களுக்கு, மற்றொன்று இரட்டைப்படைக்கு. ஒரு கியர் இழுக்கையிலேயே அடுத்தது ஆயத்தமாய் நிற்பதால், மாற்றம் இமைப்பொழுதில் நிகழ்கிறது. அருவிகளையும் பனிமூட்டத்தையும் கண்டு களித்தவாறே ஏறினோம்.

கண்டாலா அருகே லாரிகள் தேங்கி நின்றன. நாங்கள் பிரேக்கை மிதியாது, ஆக்ஸிலரேட்டராலேயே காரைச் சரிவில் தாங்கி, அங்குலம் அங்குலமாய் ஊர்ந்தோம். சற்றைக்கெல்லாம் கருகல் நாற்றம் எழுந்தது. வெப்ப எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. பின்னே தாயாரும் குழந்தைகளும் இருந்தனர். நெஞ்சம் துணுக்குற்றது. ஓரமாய் நிறுத்தி அரைமணி காத்திருந்தோம்.

பிழை எங்களுடையதே. எண்ணெயில் நனையாத உலர் கிளச்சு, பாதி பிடித்த நிலையில் உராய்ந்தால் விரைவில் சூடேறும். பின்னர், முன்னே தக்க இடம் கிடைக்கும்வரை பிரேக்கை மிதித்து நின்று, கிடைத்ததும் ஒரே மூச்சில் நகர்ந்தோம். நாற்றம் மீண்டும் எழவில்லை.

லோனாவளாவில் சிக்கி வாங்குகையில் தாயார், "மிதி ஒன்று குறைந்தது சரியப்பா, கவனமும் குறையலாமா?" என்றார். விடை கூற எங்களுக்கு வாயில்லை.