தச்சர் மகளைத் தேடி ஸ்கோனுக்கு

சிட்னி மெக்குவாரி தெருவில் உள்ள மாநில நூலகத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. அதன் ஒரு பகுதியான மிட்செல் நூலகம் 1910-இல் திறந்தது. வாசிப்பறையில் கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்குகிறது. சுற்றிலும் தரையிலிருந்து உயரே வரை புத்தகங்கள். நான் தேடிப் போனது ஒரே ஒரு கதையை. 1896 டிசம்பரில் ‘புல்லட்டின்’ இதழில் ‘தி டிராம்ப்’ என்ற தலைப்பில் வந்த கதை அது. எழுதியவர் பார்பரா பெயின்டன்.

பழைய இதழ்களைத் திரையில் காட்டுகிறார்கள். பொடி எழுத்து, மூச்சுவிட இடமில்லாத பத்திகள். கதையில் புருஷன் ஆட்டுமயிர் கத்தரிக்க வெளியூர் போயிருக்கிறான். காட்டுக் குடிசையில் கைக்குழந்தையோடு ஒருத்தி தனியாக இருக்கிறாள். மூட்டையைத் தோளில் போட்டபடி வந்த நாடோடி ஒருவன் சாப்பாடு கேட்டுவிட்டுப் போகிறான். ராத்திரி திரும்பி வருகிறான். குதிரைச் சத்தம் கேட்டுக் குழந்தையோடு அவள் ஓடுகிறாள். குதிரைக்காரன் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பது இதழில் இல்லை. இதழின் இலக்கியப் பகுதி ஆசிரியர் ஏ. ஜி. ஸ்டீபன்ஸ் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார். 1902-இல் லண்டன் டக்வொர்த் பதிப்பித்த ‘புஷ் ஸ்டடீஸ்’ தொகுப்பில் அது முழுசாக இருக்கிறது, ‘தி சோசன் வெசல்’ என்ற தலைப்பில். வெள்ளை உடையில் குழந்தையோடு ஓடிவருகிறவளை அவன் கன்னி மரியாள் என்று எண்ணிக்கொள்கிறான். தரிசனம் கிடைத்த பரவசத்தில் குதிரையை இன்னும் விரட்டுகிறான். அங்கே அவள் சாகிறாள். வெட்டுப்பட்ட கதை ஒரு கொலைக் கதைதான். வெட்டுப்படாத கதையோ பெண்ணைக் கும்பிடத் தெரிந்து காப்பாற்றத் தெரியாத ஓர் ஊரைப் பற்றியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஸ்டீபன்ஸ் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. அதே இதழில் 1892-இல் ஹென்றி லாசன் எழுதிய ‘தி டிரோவர்ஸ் வைஃப்’ கதையிலும் தனியாக இருக்கும் ஒருத்திதான் வருகிறாள். அவளுக்குத் துணைக்கு நாய் உண்டு, விடியும்போது பாம்பும் செத்துவிடுகிறது. பெயின்டன் அந்த ஆறுதலைத் தரமாட்டார்.

சிட்னியில் பதிப்பாளர் யாரும் முன்வராததால்தான் கைப்பிரதி லண்டனுக்குப் போனது. அங்கே எட்வர்ட் கார்னெட் என்ற விமர்சகர் கைகொடுத்தார்.

பெயின்டனின் சொந்தக் கதை இன்னும் வேடிக்கை. தான் 1862-இல் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டார். அப்பா வங்காளக் குதிரைப்படையில் கேப்டனாக இருந்த ராபர்ட் கில்பாட்ரிக் என்றார். கப்பலில் வரும்போது அம்மாவும் கேப்டனும் காதலித்தார்களாம். பேரப்பிள்ளை வரை நம்பப்பட்ட கதை இது. பதிவுகள் வேறு சொல்கின்றன. பிறந்தது 1857 ஜூன் 4, நியூ சவுத் வேல்ஸ் ஸ்கோன் ஊரில். அப்பா ஜான் லாரன்ஸ், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய தச்சர்.

அந்த ஊரைப் பார்த்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். ரயில் பயணத்துக்கான ஓப்பல் அட்டைக்கு அப்போது வார இறுதியில் நாள் உச்சவரம்பு பத்து டாலருக்குள்தான் இருந்தது. சிட்னி சென்ட்ரலில் ஏறி நியூகாசிலில் இறங்கி, டீசல் ரயிலுக்கு மாற வேண்டும். நாளுக்கு ஒரு சில வண்டிகளே ஸ்கோன் வரை போகின்றன, தவறவிட்டால் காத்துக் கிடக்க வேண்டியதுதான். மெய்ட்லண்ட் தாண்டியதும் எதிரே நிலக்கரி வண்டிகள், முடியவே முடியாத நீளத்தில். சிங்கிள்டன், மஸ்வெல்புரூக் என்று போகப் போக வீடுகள் குறைந்து புல் மஞ்சளாகிறது.

ஸ்கோனில் என்னோடு இறங்கியவர்கள் நாலைந்து பேர். எல்லோருக்கும் கார் வந்து நின்றது. பெயின்டனின் ‘எ டிரீமர்’ கதையில் கர்ப்பிணி ஒருத்தி இப்படித்தான் ராத்திரியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்குகிறாள். கூட்டிப்போக ஆள் வரவில்லை. புயலில் நடந்து அம்மா வீட்டுக்குப் போகிறாள், அம்மா செத்துக் கிடக்கிறாள். நான் இறங்கியது பட்டப்பகல், வெயில் மண்டையைப் பிளந்தது.

கெல்லி தெருதான் கடைவீதி. 2020-இல் புறவழிச்சாலை திறந்த பிறகு லாரிகள் ஊருக்குள் வருவது குறைந்துவிட்டதாம். ஆஸ்திரேலியாவின் குதிரைத் தலைநகரம் என்று இந்த ஊருக்குப் பெயர். பூங்காவில் தாய்க்குதிரையும் குட்டியும் சிலையாக நிற்கின்றன. நான் நடந்த தெருக்களில் குதிரைப் படம் இல்லாத இடம் அபூர்வம். பார்பராவின் பெயர் என் கண்ணில் படவில்லை. பேக்கரியில் இறைச்சி பை ஏழு டாலர், காபி ஐந்தரை. பக்கத்து மேசைப் பெரியவரிடம் விசாரித்தேன். “அந்தப் பிரபுவின் மனைவிதானே? பெரிய இடத்துப் பெண்” என்றார். பிரபுவின் மனைவி என்பது சரி. பெரிய இடம் என்பதற்கு நான் பார்த்த பதிவில் இடமில்லை.

ஊர் எல்லையைத் தாண்டி அரைமணி நேரம் நடந்தேன். வேலிக்கம்பி, யூகலிப்டஸ் மரம், தூரத்தில் குதிரைகள். ஒரு பண்ணைக் கதவிலிருந்து வீடு தகரக் கூரைப் புள்ளியாகத்தான் தெரிந்தது. நின்று உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு குதிரை மட்டும் தலை தூக்கியது. இத்தனைக்கும் இது மலை சூழ்ந்த, ஓரளவு செழிப்பான பக்கம். பெயின்டன் கதை மண் இது இல்லை. சிட்னியிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால், தட்டையாக விரிந்த கூனம்பிள் வட்டாரம் அது. 1880-இல் அலெக்ஸாண்டர் ஃப்ரேட்டரைக் கல்யாணம் செய்து அங்கே போனார். மூன்று குழந்தைகள் பிறந்தன. 1887-இல் புருஷன் பார்பராவின் அண்ணன் மகளோ அக்காள் மகளோ ஆன சேரா குளோவரோடு ஓடிப்போனான். மரம் விழுந்து முதுகு ஒடிந்தவள் கண்ணெதிரே இன்னொருத்தியைக் கூட்டிவரும் ‘ஸ்குவீக்கர்ஸ் மேட்’ கதைக்கு வேறெங்கும் விதை தேட வேண்டாம்.

குழந்தைகளோடு சிட்னிக்கு வந்தார். 1890 மார்ச் 4-இல் விவாகரத்து உறுதியானது. மறுநாளே, விதவை என்று எழுதிக்கொடுத்து, எழுபது வயது டாக்டர் தாமஸ் பெயின்டனை மணந்தார். டாக்டர் 1904-இல் இறந்தார். பிறகு பங்குகளில் பணம் போட்டுப் பெருக்கினார், பழம்பொருளும் கருப்பு ஓப்பல் கல்லும் சேர்த்தார். 1921-இல் லண்டனில் மூன்றாவது கல்யாணம், இஸ்லாத்தைத் தழுவிய ஹெட்லி பிரபுவோடு. அதுவும் நிலைக்கவில்லை. 1929 மே 28-இல் மெல்பர்னில் இறந்தார்.

பிறப்பு, வயது, விதவைக் கோலம் எல்லாம் அவர் புனைந்தவை. அவற்றை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. தச்சர் மகளுக்கு அந்தக் காலச் சிட்னி வரவேற்பறைகளில் நாற்காலி போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் குடிசைக்குள் இருக்கும் பெண்ணைப் பற்றி எழுதும்போது அவர் எதையும் மெருகேற்றவில்லை. என் தீர்ப்பு இதுதான்: கேப்டன் மகளால் இந்தக் கதைகளை எழுதியிருக்க முடியாது.

தொகுப்பில் இருப்பது ஆறே கதைகள். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ‘ஸ்குவீக்கர்ஸ் மேட்’ கதையில் ஆரம்பியுங்கள். ‘புஷ் சர்ச்’ முழுக்க வட்டார வழக்கு, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.