எக்கோ பெட்டிக்கு ஓர் அலுமினியக் கூடு



பாபநாசத்திற்கு அருகே, குடமுருட்டி ஆற்றையொட்டியது எங்கள் பள்ளிவாசல். ஜூனில் மேட்டூர் அணை திறப்பதற்கு முன்பே குறுவை நாற்றங்கால்களுக்குப் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கிவிடும். மோட்டாரைப் போடும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் 'டப்' என்று ஒரு வெடிப்பு. ஓடும் நேரமெல்லாம் வண்டு போல் ஓர் இரைச்சல். மோதினார் எழுபதைத் தாண்டியவர், குரல் இறங்கிவிட்டது. இரைச்சலை மறைக்க எக்கோவைக் கூட்டுவார். இரைச்சலும் சேர்ந்தே எதிரொலிக்கும். மோதினாரை மாற்றினால் என்ன என்ற பேச்சு ஜமாஅத்தில் எழுந்தது. குறை குரலில் இல்லை, பெட்டியில்தான் என்று எங்களுக்குத் தோன்றிற்று. ஆனால் அதைச் செய்து காட்ட வேண்டுமே!

பல ஆண்டுகளுக்கு முன் யாரோ பிளாஸ்டிக் டப்பாவில் பொருத்திக் கொடுத்த எக்கோ சர்க்யூட் அது. திறந்து பார்த்தால் பி.டி.2399 என்னும் சிறு சில்லு. குரலை வாங்கி, ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி வரை தாமதித்துத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. கிதார் வாசிப்போர் காலால் மிதித்து இயக்கும் எஃபெக்ட் பெடல்கள் பலவற்றிலும் இதே சில்லுதான் உண்டு. அவர்கள் அதை உலோகப் பெட்டியில் அடைப்பார்கள். சிலர் அலுமினியத் தகட்டை மடித்துத் தாமே செய்துகொள்வார்கள். காணொளியில் இதைப் பார்த்து வந்து சொன்னவர் எங்கள் மாணவர் ஒருவர். மனப்பாடத்தில் பின்தங்கி, "ஊருக்கே போய்விடுகிறேன் ஹஜ்ரத்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். (இசை கூடுமா கூடாதா என்ற பேச்சு இங்கு வேண்டாம். தகடு மடிக்கும் அறிவை எவரிடமும் கற்கலாம்.)

பிளாஸ்டிக் மின் இரைச்சலைத் தடுக்காது. சர்க்யூட்டின் கிரவுண்டுடன் இணைந்த உலோகக் கூடோ அதைத் தானே வாங்கிக்கொண்டு, உள்ளே போகவிடாது.

கும்பகோணத்தில் 1.5 மி.மீ. தகடு வாங்கினோம். கடினமான வகை மடிப்பில் வெடித்துவிடும். மென்மையானதைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு ஆங்கிள் இரும்புகளுக்கிடையே அதை இறுக்கி, மரச்சுத்தியால் விளிம்பு நெடுகச் சிறிது சிறிதாகத் தட்டினோம். ஓரிடத்தில் ஓங்கித் தட்டினால் அலை அலையாக நெளிந்துவிடும். 'ப' வடிவில் இரண்டு துண்டுகள்: ஒன்று அடி, மற்றது மூடி.

முதல் பெட்டி வீணாயிற்று. போர்டின் அகலம் 68 மி.மீ.; நாங்கள் 70 என்று கோடு போட்டோம். மடித்தபின் அது வெளி அகலம் ஆகிவிட்டது. இருபுறத் தகட்டின் கனம் 3 மி.மீ. போக, உள்ளே 67. ஒரே ஒரு மில்லிமீட்டர்! தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு இளக்கப்பட்டதையும், கவசத்தின் கண்ணிகளை அளவோடு அமைக்குமாறு ஏவப்பட்டதையும் ஸபா அத்தியாயத்தில் (34:10-11) எத்தனை முறை பாடம் நடத்தியிருப்போம்! அளவு என்ற சொல்லை அன்றுதான் கையால் படித்தோம்.

இரண்டாவதை அம்மாணவரே அளந்தார். துளையிடும் இடங்களில் பஞ்ச் அடித்து, சிறு துளையிட்டுப் பிறகு பெரிதாக்கி, பிசிறை அரத்தால் எடுத்தார். அலுமினியத்தின் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே கிரவுண்டு கம்பியைத் திருகும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கினோம். ஈயப்பற்றுகள் தகட்டில் படாதிருக்கப் போர்டின் அடியில் தடித்த அட்டை. 230 வோல்ட் மின்சாரத்தை எங்கள் கைவேலைப் பெட்டிக்குள் விட மனமில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் காந்த இரைச்சலை மெல்லிய அலுமினியம் தடுக்கவும் தடுக்காது. 9 வோல்ட் அடாப்டரை வெளியே தள்ளியே வைத்தோம்.

அஸருக்குப் பம்புசெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோதினார் பாங்கு சொன்னார். 'டப்' மட்டும் மெலிதாகக் கேட்டது. அது மின்கம்பி வழியாக வருவது. வண்டு போய்விட்டது. மஃரிபுக்கு அவரே எக்கோவைக் குறைத்தார். 'ஹய்ய' என்பதன் ஹா தொண்டையின் நடுவிலிருந்தும், 'ஸலாஹ்' என்பதன் இறுதி ஹா தொண்டையின் அடியிலிருந்தும் பிறக்க வேண்டும். எதிரொலியில் ஒன்றாகக் குழைந்து கிடந்த அவ்விரண்டும் தனித்தனியே கேட்டன. மறுநாள் ஃபஜ்ருக்கு எக்கோ அறவே இல்லை.

"அப்படியானால் இந்தப் பெட்டி எதற்கு, ஹஜ்ரத்?" என்று சிரித்தார் மோதினார். மைக் இன்னும் அதன் வழியாகவே செல்கிறது. குமிழ் மட்டும் பூஜ்யத்தில் நிற்கிறது. அவரை மாற்றும் பேச்சு அதன்பின் எழவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மாணவருக்கு முப்பதாவது ஜுஸ்உ இன்னும் பாதியில்தான் நிற்கிறது. ஊருக்குப் போகவில்லை. வீணான முதல் பெட்டியில் சாக்பீஸ் போட்டு வைத்திருக்கிறோம்.