நட்சத்திரத்துக்கு ஒரு ஓட்டு

தாத்தாவுக்கு நாசரேத்தில் மளிகைக் கடை. 1967 தேர்தலில் நட்சத்திரச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டதைச் சாகும்வரை பெருமையாகச் சொல்வார். ராஜாஜி 1959-ல் தொடங்கிய சுதந்திராக் கட்சியின் சின்னம் அது. திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் அந்த வருடம் அதுதான் ஜெயித்தது.

"எதுக்கெடுத்தாலும் பெர்மிட்டு. நம்ம கடையில சர்க்காருக்கு என்னல வேலை?" என்பார்.

கல்லூரியில் லிபர்டேரியனிசம் பற்றிப் படித்தபோது, அட, இது தாத்தா பேசினதுதானே என்று தோன்றியது. அரசு ஒதுங்கிக்கொண்டால் மனிதர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று நானும் வாதாடித் திரிந்தேன்.

"அப்போ சர்க்காரே வேண்டாமா தாத்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க அப்பாவ கோயிலுக்குள்ள விட்டது யாருன்னு நெனச்ச?" என்றார்.

நாடார்களிடம் வியாபாரம் இருந்தது. மகமைப் பணத்தில் நடத்திய பள்ளிக்கூடங்கள் இருந்தன. எல்லாம் அரசை எதிர்பார்க்காமல் அவர்களே சேர்ந்து உண்டாக்கியவை. ஆனாலும் கமுதி கோயில் வழக்கில் 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் தோற்றார்கள். பழைய வழக்கம்தான் ஜெயித்தது. 1939 ஜூலையில் வைத்தியநாதய்யர் தலித்துகளையும் ஒரு நாடாரையும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனார். அவர்களைப் பாதுகாக்கச் சட்டம் கொண்டுவந்தது அப்போதைய சென்னை மாகாணப் பிரதமர். அவரும் இதே ராஜாஜிதான்!

லைசென்ஸுக்காகக் கால்கடுக்க நிற்கும்போது இன்றும் நான் தாத்தா கட்சிதான். ஆனால் நம் ஊரில் ஒருவனைத் தடுத்து நிறுத்துவது சர்க்கார் மட்டுமில்லை, பக்கத்துத் தெருவும்தான். அந்தத் தெருவை யார் கேட்பது என்பதற்கு, நான் படித்த லிபர்டேரியனிசத்தில் இன்னும் பதில் கிடைக்கவில்லை.