பசீலியாவின் மோதிரம்

பாத் நகரத்து ரோமானியக் குளியல்கூடத்துக்கு நான் போனது குளத்தைப் பார்க்கத்தான். அதிக நேரம் நின்றது ஈயத் தகடுகளின் முன்னால்.

குளத்துக்கு ஒரு குறையுமில்லை. 46 டிகிரிச் சூட்டில் ஊற்று இன்றும் கொப்பளிக்கிறது. மேலே கூரையில்லாததால் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கிறது தண்ணீர். ரோமானியர் வருவதற்கு முன்பே அந்த ஊற்றுக்குச் சூலிஸ் என்றொரு பெண்தெய்வம் இருந்தாள். வந்தவர்கள் அவளைத் துரத்தவில்லை. தங்கள் மினர்வாவோடு சேர்த்துச் சூலிஸ் மினர்வா ஆக்கிக்கொண்டார்கள். நமக்கும் பழகிய ஏற்பாடுதான்.

அவளுக்கு மக்கள் எழுதிப் போட்ட சாபத் தகடுகள் ஏறக்குறைய 130 கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை 1979-80 அகழாய்வில் வெளிவந்தவை. மெல்லிய தகட்டில் கீறி, சுருட்டி, ஊற்றுக்குள் எறிந்திருக்கிறார்கள். அரசியலோ போரோ இல்லை, கிட்டத்தட்ட எல்லாம் திருட்டு வழக்கு. மேலாடை போயிற்று, காசு போயிற்று. டோசிமெடிஸ் என்பவர் இரண்டு கையுறைகளுக்காக, எடுத்தவரின் புத்தியும் கண்ணும் போகட்டும் என்கிறார். பசீலியா என்ற பெண்ணுக்குப் போனது வெள்ளி மோதிரம். அவள் அதைப் பற்றித் தெரிந்தும் வாய் திறக்காதவரையும் சேர்த்துச் சபிக்கிறாள்.

அங்கே எனக்குத் தொண்டை அடைத்தது.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் ஒப்பாரிப் பாடல்கள் பற்றியது. எட்டு மாத வயிற்றோடு டவுன் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் கேசட்டில் பதிந்தவை. மூத்த பேராசிரியர் ஒருவர் அந்த இயலைத் தன் கட்டுரையாகவே அச்சேற்றினார். ஒரு பாடலைப் படியெடுத்தபோது நான் விட்ட எழுத்துப்பிழைகூட அதில் அப்படியே இருந்தது. துறையில் எல்லோருக்கும் தெரியும். "விடும்மா, முதல்ல வேலை நிரந்தரமாகட்டும்" என்றார் ஒரு அக்கா. விட்டேன். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். நான் அரைக்கவில்லை. படித்தவளாயிற்றே, கூச்சம்.

அதே ஊரில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்கள் மஞ்சள் கித்தான் அங்கி போட்டுக் குளித்ததாகச் சீலியா ஃபைன்ஸ் எழுதியிருக்கிறார். தண்ணீர் புகுந்ததும் அங்கி உப்பிக்கொள்ளுமாம், உள்ளே இருப்பவளின் உருவம் தெரியாதாம். எனக்கும் அப்படியொரு அங்கி இருந்திருக்கிறது.

தகடு எழுதியவர்கள் பலருக்குத் திருடியது யாரென்று தெரியாது. ஆணோ பெண்ணோ, அடிமையோ இல்லையோ என்று எல்லாப் பக்கமும் அடைத்து எழுதினார்கள். எனக்குப் பெயர் தெரியும். நுழைவுச்சீட்டின் பின்பக்கம் தலைப்பெழுத்தோடு எழுதி, கீழே அந்த அக்காவின் பெயரையும் எழுதினேன். பிறகு அதை மட்டும் அடித்தேன். குளக்கரையில் காவலர் நின்றிருந்தார். சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இன்னும் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் அந்தப் பெயரைப் போடவில்லை. தேர்வுக் குழுக்களில் அவர் இன்னும் உட்காருகிறார், என் மாணவி ஒருத்தி அடுத்த மாதம் நேர்காணலுக்குப் போகிறாள்.