ஒரு சாண் நட்சத்திரம்

"கிறிஸ்துமஸுக்கு வந்து நாலு நாள் சும்மா இருந்துவிட்டுப் போயேன்டி" என்றாள் ஏற்காட்டிலிருக்கும் என் கல்லூரித் தோழி. பத்திரிகை ஆபீஸில் உத்தியோகம் பார்ப்பவளிடம் ஒருவர் "சும்மா இரு" என்று சொன்னால், அதை வரமாகவே கொள்ள வேண்டும். சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை இறுக மூடிக்கொண்டே கடந்து (என் வயிற்றின் லட்சணம் அப்படி!) போய்ச் சேர்ந்தேன்.

டிசம்பரில் சேர்வராயன் மலையைப் பார்த்திருக்கிறீர்களோ? காப்பிப் பழம் செக்கச் செவேலென்று பழுத்துப் பறிப்பு நடக்கும் மாதம். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்து வைத்த காப்பி அது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. சில நாள் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கி எதிர்வீட்டை விழுங்கிவிடும். வீடு தெரியாது, வாசலில் தொங்கும் நட்சத்திர விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும்.

தோழி வீட்டு வாசலிலோ வெறும் ஆணிதான் இருந்தது.

வருஷா வருஷம் மூங்கில் பிளந்து நட்சத்திரம் கட்டுகிறவர் அவள் கணவர். ஜூன் மாதம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். இவள் சேலத்தில் ஒரு பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்கி வந்திருந்தாள். பத்து வயதுப் பிள்ளை அதைப் பெட்டியை விட்டு எடுக்கவே விடவில்லை. "அப்பா செய்யறதுதான் நட்சத்திரம்" என்று சாதித்துவிட்டான்.

"இவ்வளவுதானே? நாமே செய்துவிடலாம்!" என்றேன் நான். வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது.

செய்முறை சுலபம். கையை எடுக்காமல் ஸ்லேட்டில் நட்சத்திரம் போடுவோமல்லவா? ஐந்து கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு மூங்கில் பிளாச்சு. முனைகளை நூலால் கட்டினால் ஒரு தட்டை நட்சத்திரம். இதுபோல இரண்டு செய்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும், இரண்டுக்கும் நடுவே சின்னக் குச்சிகளை நிறுத்தினால், கன்னம் உப்பின மாதிரி நட்சத்திரம் உப்பிக்கொள்ளும்.

உப்பியது. ஆனால் ஒரு கால் கொக்கின் மூக்கு, ஒரு கால் பூனையின் காது! பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

இரவு அப்பாவோடு ஃபோன். பனியில் படம் வரவில்லை, குரல் மட்டும் வந்தது. "ரெண்டு அடிக் குச்சி. ரெண்டு முனையிலிருந்தும் ஒரு சாண் விட்டுக் குறி போடு. குறியும் குறியும் ஒண்ணு மேல ஒண்ணு வரணும், அவ்வளவுதான்." அதற்குள் தொடர்பு அறுந்தது.

மறுநாள் பிள்ளை பத்துக் குச்சியிலும் சாண் வைத்துக் குறி போட்டான். மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினான். குறிகள் சேரவே இல்லை.

"அப்பா மறந்துட்டாரா, ஆன்ட்டி?"

எங்கிருந்தோ எனக்கு ஒரு புத்தி வந்தது. ஸ்கேலை எடுத்து அவன் கையை அளந்தேன். பெரியவர்கள் சாண் என்றால் 9 அங்குலம். இவன் சாண் 6 அங்குலம்! "ஸ்கேலில் ஒன்பது பார்த்துக் குறி போடேன்" என்றேன். அவன் விரித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்பதுக்கு இருபத்துநாலு குச்சின்னா, என் சாணுக்குப் பதினாறு போதுமா?"

இலக்கியம் படித்த நான் விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள் அவன் குச்சிகளை நறுக்க ஆரம்பித்துவிட்டான். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரின் மொரேவியப் பள்ளிக்கூடத்தில் 1830-களில் காகித நட்சத்திரம் செய்ததே க்ஷேத்திர கணிதப் பாடமாகத்தானாம். அந்த வாத்தியார் இவனைப் பார்த்திருக்க வேண்டும்!

உங்கள் வீட்டில் செய்வதானால், குழந்தையின் சாணை மூன்றால் வகுத்து எட்டால் பெருக்குங்கள். அதுதான் குச்சியின் நீளம். மூங்கிலைப் பிளந்து, சிலாம்பு ஏறாமல் சீவித் தருவது பெரியவர்கள் வேலை. மைதாப் பசை போதும். பின்பக்கம் ஓரிடத்தில் காகிதத்தை ஒட்டாமல் விட்டு, சூடேறாத சின்ன எல்.ஈ.டி. விளக்கை உள்ளே விடுங்கள். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்.

சின்னவளுக்கு வேறு வேலை கொடுத்தோம். சில்வர் ஓக் இலையின் அடிப்புறம் வெள்ளி போலிருக்கும். அதைத் திருப்பிக் கறுப்பு அட்டையில் ஒட்டினால் தேவதைச் சிறகு, வாழ்த்து அட்டை தயார். குடிலுக்குக் கேழ்வரகை முளைப்பாரி மாதிரி முன்பே முளைக்கவிட்டிருந்தாள். மூன்று ராஜாக்களில் ஒருவர் உடைந்துபோனதால், நான் பரிசாகக் கொண்டுபோயிருந்த கொலுச் செட்டியார் பதவி ஏற்றார். தொந்தியும் தராசுமாக அவர் நிற்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அன்று மாலை நட்சத்திரம் ஆணியில் ஏறியது. தோழி படமெடுத்து அனுப்பினாள். மஸ்கட்டிலிருந்து ஒரே வரி வந்தது: "யார் சாண்?"

பிள்ளை பதில் எழுதவில்லை. உள்ளங்கையை விரித்துப் படமெடுத்து அனுப்பிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

அந்தப் பிளாஸ்டிக் நட்சத்திரத்தை, "சேலத்தில் பஸ் மாறும்போது கடையில் திருப்பிக் கொடுத்துப் பாரேன்டி" என்று தோழி என் பையில் திணித்துவிட்டாள். பில் இருக்கிறது. கடைக்காரரைத்தான் எதிர்கொள்ள வேண்டும்.