மண் ஆட்டுக்கடா

பாரசீக நாட்டுப் பழம்பொருள்களின் படங்களை ஒரு நாள் புரட்டிக்கொண்டிருந்தோம். பார்த்தியர் காலத்து மட்கலம் ஒன்று, ஆட்டுக்கடா வடிவம். "இது பொம்மையா, அப்பா?" என்றாள் குழந்தை. நகைத்தோம், பின்னர்ச் சிந்தித்தோம்.

கி.மு. 247 முதல் கி.பி. 224 வரை ஆண்டவர்கள் பார்த்தியர். கி.மு. 53-ல் காரே போர்க்களத்தில் ரோமாபுரிச் சேனையை முறியடித்தவர்கள். ஆயினும் அவர்கள் தம்மைப் பற்றி எழுதிய சரித்திரம் நமக்குக் கிட்டவில்லை. பெரும்பாலும் கிரேக்கரும் ரோமருமே எழுதினார்கள். அவ்வேடுகளில் வில்லும் குதிரையும் மிகுதி. வீடும் விருந்தும் அரிது.

அக்குறையைச் சிறிதேனும் தீர்ப்பது இக்களிமண் கடாதான். கொம்பைச் சுருட்டிவிட்ட குயவனது விரல், "எங்களுக்கும் விளையாடத் தெரியும்" என்று சாட்சி சொல்கிறது.

அன்று மாலையே, நம் தாயார் சொல்லும் குடும்பக் கதைகளை எழுதிவைக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினோம்.